சுங்கை சிப்புட்டிலிருந்து தனியாக ஒரு நாள் நடை: ஈப்போவா, ஜார்ஜ்டவுனா, கோலாலம்பூரா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ரயிலடியில் நின்றால் தெற்கே ஈப்போவும் கோலாலம்பூரும், வடக்கே பட்டர்வொர்த் வழியாகப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனும். தனியாகக் கிளம்பி, ஒரு பட்டணத்தைக் காலாலேயே சுற்றிவிட்டு ராத்திரி வீடு திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் தூரத்தையும் டிக்கெட் காசையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நடக்கப் போகிறவர் முதலில் போட வேண்டியது வெயில் கணக்கு.

ஏறக்குறைய காலை ஏழேகாலுக்கு விடிகிறது, மாலை ஏழேகாலுக்கு இருட்டுகிறது. காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிழலில்லாத தார் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் நடப்பது, காலையில் மூன்று கிலோமீட்டர் நடந்த களைப்பைத் தரும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெயில் தணியும் நேரம் பார்த்து இடியோடு மழை கொட்டும். ஆக, நடைக்கு வாய்க்கும் நேரம் இரண்டு துண்டு: காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை, மாலை நாலரையிலிருந்து ஏழரை வரை. இந்த இரண்டில் எவ்வளவை ரயிலுக்குள் உட்கார்ந்து தொலைக்கிறோம் என்பதைப் பார்த்தால் ஊரைத் தேர்ந்தெடுப்பது எளிது.

ஈப்போ இரண்டு துண்டையும் முழுசாகத் தரும். ஜார்ஜ்டவுன் காலையில் பாதியையும், திரும்பும் வண்டியைப் பொறுத்து மாலையில் ஒரு பகுதியையும் தரும். கோலாலம்பூருக்கு ஒரே நாளில் போய் வந்தால் கையில் மிஞ்சுவது நடுப்பகல்தான். ஆனாலும் நடுப்பகலைக் கூரைக்கு அடியில் நடந்தே கழிக்க வசதியுள்ள ஊர் மூன்றில் அது ஒன்றுதான். அதனால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

டிக்கெட்: திரும்புவதை முதலில் வாங்குங்கள்

இடிஎஸ் என்னும் மின்சார விரைவு வண்டிகள் எல்லாமே சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் சுங்கை சிப்புட் என்று போட்டுத் தேடும்போது நேரம் தோதாக இல்லையென்றால், ஈப்போவிலிருந்து ஒரு முறை தேடிப் பாருங்கள். அங்கே நிற்கும் வண்டிகள் அதிகம். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி ஈப்போவில் ஏறுவது சில நாட்களில் நல்ல ஏற்பாடாக இருக்கும்.

எல்லாரும் போகும் வண்டியை முதலில் பார்த்து, வரும் வண்டியை அப்புறம் தேடுவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வது. சனி, ஞாயிறு மாலை வண்டிகளும் பள்ளி விடுமுறை நாட்களும் தீபாவளி வாரமும் சீக்கிரமே நிறைந்துவிடும். திரும்பும் இருக்கை உறுதியான பிறகு போகும் இருக்கையை வாங்குங்கள். ஐசி (அடையாள அட்டை) எண்ணைச் சரியாக அடியுங்கள். புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே பிளாட்ஃபாரக் கதவை மூடிவிடுவார்கள் என்பதால், ஏழு மணி வண்டி என்றால் ஆறேமுக்காலுக்குள் உள்ளே இருக்க வேண்டும். வண்டியைத் தவறவிட்டால் அந்த டிக்கெட்டோடு அடுத்த வண்டியில் ஏற முடியாது. கூட ஆள் இருந்தால் செலவைப் பகிர்ந்து கிராப் வாடகைக் கார் எடுத்து வீடு வரலாம். தனியாகப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை, முழுக் காசும் ஒரே பையிலிருந்துதான்.

ஜார்ஜ்டவுன்

மூன்றில் நடப்பதற்கென்றே அமைந்த பட்டணம் இதுதான். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பழைய பட்டணம், படகுத்துறையிலிருந்து கோம்தார் கோபுரக் கட்டடம் வரைக்குள் அடங்கிவிடுகிறது. எந்த மூலையில் நின்றாலும் இன்னொரு மூலைக்கு அரை மணி நடைக்கு மேல் இல்லை. வழி தப்பினாலும் தப்பிய இடத்திலேயே பார்க்க ஏதாவது இருக்கும்.

இடிஎஸ்ஸில் பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வழியில் பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள புக்கிட் பெராப்பிட் சுரங்கப்பாதை வரும். அங்கே போன் சிக்னல் போய்விடும் என்பதால் முக்கியமான செய்தி அனுப்புவதை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும் மேம்பால நடைபாதை வழியாகப் பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையத்தைக் கடந்து படகுத்துறைக்குப் போக வேண்டும். சாவகாசமாக நடந்தால் கால் மணி நேரம். படகு கடலைக் கடக்க இன்னொரு பத்து, பதினைந்து நிமிடம். 2023இல் வந்த புதிய படகுகள் கால்நடையாக வருபவர்களையும் இரண்டு சக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகின்றன, கார் ஏறாது. ரொக்கக் காசு கொடுத்து ஏறலாம் என்று நினைக்காதீர்கள். டச் என் கோ கார்டிலோ செயலியிலோ காசு இருக்கட்டும். ஒரு படகு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து ஜார்ஜ்டவுன் மண்ணில் கால் வைக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும்போது சனி, ஞாயிறில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பினாங்கு போய் ரயிலைத் தவறவிடுகிறவர்கள் தவறவிடுவது ரயிலடியில் அல்ல, படகுத்துறை வரிசையில்.

ஒன்பதரை, பத்துக்கு வந்து சேர்ந்தால் முதலில் நிழலில்லாத இடங்களை முடிக்க வேண்டும். படகுத்துறையை விட்டு வெளியே வந்து இடது கைப்பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் சியூ ஜெட்டி. கடலுக்குள் கால் நட்டு நிற்கும் பலகை வீடுகள், இன்றும் குடும்பங்கள் வாழும் இடம். திறந்திருக்கும் கதவுக்குள் போனை நீட்டிப் படம் எடுப்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை. அங்கிருந்து ரோட்டைக் கடந்தால் ஆர்மேனியன் தெரு. 2012இல் எர்னெஸ்ட் ஸக்காரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவர் இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். தனியாகப் போகிறவர் அந்த வரிசையில் இருபது நிமிடம் நின்று, போனை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்து எடுக்கிற படம் அவ்வளவு பெறுமா என்பது நம் சந்தேகம்.

பதினொன்றுக்குக் கூ கொங்சிக்குள் நுழைந்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. 1906இல் கட்டி முடித்த அந்தக் குல மண்டபத்தின் கூரை வேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்கவே அரை மணி போகும், உச்சி வெயிலின் முதல் பகுதி கூரைக்கு அடியில் கழிந்துவிடும். வெளியே வந்தால் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1801 வாக்கில் எழுப்பிய பள்ளிவாசல், 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், குவான் யின் கோயில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் இந்த ஒரே சாலையிலும் அதை ஒட்டிய தெருவிலும் நிற்கின்றன. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரே மூச்சில் முடிக்க முடியாது. மாரியம்மன் கோயில் நடுப்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில் பள்ளிவாசலில் பார்வையாளருக்கு இடமில்லை. அதனால் தெற்குப் பாதியைக் காலையிலும் வடக்குப் பாதியை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலுக்கு நாசி கண்டார். தட்டை நீட்டிவிட்டு மேலே ஊற்றுபவர் கையில் விட்டுவிட்டால் இறாலும் மீன் முட்டையும் தானாக வந்து விழும், பில் பார்க்கும்போதுதான் தெரியும். சோறு, ஒரு கறி, ஒரு காய் என்று நீங்களே சொல்லி, கடல் உணவு வேண்டுமென்றால் விலை கேட்டுவிட்டு எடுங்கள். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் நடக்காமல் இருப்பது நல்லது. பட்டணத்துக்குள் சுற்றும் இலவசக் கேட் (CAT) பஸ்ஸில் ஏறிக் கோம்தாருக்குப் போய் ஏர்கோனில் உட்காரலாம். நாலரைக்கு மேல் மீதிச் சாலை, பிறகு ஃபோர்ட் கார்ன்வாலிஸ், கடற்கரைத் திடல், அங்கிருந்து பீச் தெரு வழியாகத் திரும்பவும் படகுத்துறை. மொத்த நடை ஐந்திலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள்.

அஞ்சடியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கடைவீடுகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அந்த நடை மட்டும் தொடர்ச்சியாக இருந்தால் இந்தப் பட்டணத்தில் குடையே தேவைப்படாது. ஆனால் ஒரு கடையின் தரை அடுத்த கடையின் தரையைவிட ஒரு படி உயரம், அதற்கடுத்தது இரண்டு படி பள்ளம். நடுவில் மோட்டார் சைக்கிள், மேசை நாற்காலி, பூந்தொட்டி. ரோட்டுக்கு இறங்கி ஏறும்போது மூடி இல்லாத லொங்காங் (சாக்கடை) வேறு. பழைய தரை ஓடுகள் மழையில் வழுக்கும். இங்கே கால் சுளுக்குகிறவர்கள் எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே அஞ்சடியில் நடந்தவர்கள்தான். வழி பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள்.

ஈப்போ

பக்கம், மலிவு, தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம். முதல் முறை தனியாகப் போகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வண்டி தவறினால் மேடான் கிட்டிலிருந்து ஊர் பஸ் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் முப்பது கிலோமீட்டர் கிராப் எடுக்கலாம், வலிக்கும், ஆனால் தாங்கும். பஸ் ஊர் ஊராக நின்று வருவதால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இருட்டிய பிறகு அதை நம்பியிருக்காதீர்கள்.

குறையும் சொல்லிவிட வேண்டும். பழைய டவுனை மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். 1917ஆம் ஆண்டு ரயில் நிலையம், எதிரே டவுன் ஹால், அதன் பின்னால் 1909ஆம் ஆண்டு பர்ச் மணிக்கூண்டு. 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ரெசிடென்ட் (ஆட்சிப் பிரதிநிதி) பர்ச்சின் நினைவாக எழுப்பியது அது. அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ மகாராஜா லேலாவின் பெயர்தான் இன்றைக்கு அதை ஒட்டிய சாலைக்கு. படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்கள் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை. அங்கிருந்து பாடாங் திடல், இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், ஸக்காரெவிச் 2014இல் வரைந்த சுவரோவியங்கள், கான்குபைன் லேன். இந்தச் சந்துக்கு எட்டு மணிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்கலாம், கடைகள் திறந்திருக்காது. பதினொன்றுக்குப் போனால் கடைகளைப் பார்க்கலாம், கட்டடம் தெரியாது. சனி, ஞாயிறில் தோளோடு தோள் உரசாமல் உள்ளே நடக்க முடியாது. வார நாள் காலையே மேல். ஆனால் திங்கள், செவ்வாயில் பழைய கோப்பிக் கடைகள் பல அடைத்திருக்கும். புதனிலிருந்து வெள்ளிக்குள் போங்கள்.

ஈப்போவை முழு நாளாக ஆக்குவது மாலைதான். பதினொன்றரைக்குள் கிந்தா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் புது டவுனுக்குப் போய்ச் சாப்பிட்டு, பெரிய கடைத்தொகுதி ஒன்றில் வெயிலைக் கழித்துவிட்டு, ஐந்து மணிக்குக் குனோங் சேரோவில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில். ரயிலடியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவு. சுண்ணாம்பு மலையடியில் அந்த நேரத்தில் நிழல் விழுந்திருக்கும். இருட்டிய பின் புது டவுனில் தவ்கே (முளைப்பயறு) கோழிக் கடைகளில் கூட்டம் கூடும். தனியாள் என்றால் கால் கோழியும் ஒரு தட்டுத் தவ்கேயும் போதும், கடைக்காரரே அளவு கேட்பார். லிட்டில் இந்தியாவில் சாப்பிட விரும்புபவர் ஜாலான் லாஹாட் பக்கம் நடக்கலாம், அது ரயிலடிக்கும் பக்கம்.

கோலாலம்பூர்

போக மூன்று மணி, வர மூன்று மணி. காலை முதல் வண்டியில் ஏறினாலும் பத்து மணிக்கு மேல்தான் இறங்குவோம். இறங்கியதும் சைனாடவுனின் பெத்தாலிங் தெருவுக்கு ஓடுவதுதான் வழக்கம். அதனால்தான் மத்தியானம் ஒரு மணிக்குத் தலைவலியோடு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: உள்ளே பார்க்க வேண்டியது முதலில், தெரு கடைசியில்.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து எம்ஆர்டி நகர ரயிலின் நடைபாதை வழியாகவே 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று ரோட்டு வழியாகப் போனால் நெடுஞ்சாலை குறுக்கே நிற்கும். கோலாலம்பூரில் நடப்பதன் பெரிய சிக்கலே இதுதான். நானூறு மீட்டர் என்று காட்டும் இடத்துக்கு ஆறு, விரைவுச்சாலை, வேலி எல்லாம் சுற்றி ஒன்றேகால் கிலோமீட்டர் நடக்க வைக்கும். இந்த ஊரில் நேர்கோட்டை நம்பாதீர்கள், எந்த எல்ஆர்டி, எம்ஆர்டி நிலையத்துக்கு எந்தப் பக்கம் வாசல் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அதே எம்ஆர்டியில் மூன்றாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங். அங்குள்ள பெவிலியன் கடைத்தொகுதியிலிருந்து, இரட்டைக் கோபுரம் நிற்கும் கேஎல்சிசிக்கு ஏர்கோன் போட்ட மேம்பால நடைபாதை ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக ஓடுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு வேர்க்காமல் நடக்க இந்த நாட்டில் இதைவிடத் தோதான பாதை கிடையாது. 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தைக் கீழே நின்று பார்த்தாலே போதும். மேலே ஏற ஆசைப்பட்டால் முன்கூட்டியே டிக்கெட் வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும்.

நாலரைக்குக் கேஎல்சிசியிலிருந்து எல்ஆர்டியில் மஸ்ஜித் ஜாமெக். இனித்தான் நடை. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் முனையில் 1909ஆம் ஆண்டின் பள்ளிவாசல். ஈப்போ ரயில் நிலையத்தை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பாக்தான் இதையும், 1910ஆம் ஆண்டு பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் வரைந்தவர். ஈப்போவை ஏற்கெனவே பார்த்தவருக்குக் குவிமாடமும் வளைவும் பழகிய முகமாகத் தெரியும். ஆற்றைத் தாண்டினால் மெர்டேக்கா சதுக்கம். இந்தப் பக்கம் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த லெபோ அம்பாங். அங்கிருந்து ஜாலான் துன் எச்.எஸ். லீ வழியே தெற்கே நடந்தால், தம்புசாமிப் பிள்ளை 1873இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயிலுக்குச் சரியாக மாலைப் பூசை நேரத்தில் போய்ச் சேரலாம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்த வாசலிலிருந்துதான். பெத்தாலிங் தெரு அடுத்த சந்து. அதை முடித்துப் பாசார் செனியில் எல்ஆர்டி ஏறினால் ஒரே நிறுத்தத்தில் கேஎல் சென்ட்ரல், கீழே இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ்.

இவ்வளவையும் முடிக்கும்போது மணி எட்டு. அப்புறம் மூன்று மணி நேர ரயில். வண்டி கிடைத்தாலும் நடுநிசியில்தான் ஊரில் இறங்க வேண்டும், சுங்கை சிப்புட் ரயிலடியில் அந்நேரம் வண்டி கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆகவே எங்கள் கருத்து: கோலாலம்பூரை ஒரு நாள் பயணமாக எடுக்க வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள். மறுநாள் காலை ஏழரைக்கு, முதல் நாள் தொலைத்த அந்தக் குளிர்ந்த துண்டு திரும்பக் கிடைக்கும். தாவரவியல் பூங்காவுக்கு அதுதான் நேரம்.

எந்த ஊரானாலும்

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். முழுவதையும் தூக்க வேண்டாம், முக்கால் லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டே போகலாம். இரண்டாவது பாட்டிலுக்கு மேல் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை கிறுகிறுக்கலாம். நடுவில் ஹண்ட்ரட் பிளஸ் போன்ற உப்புச் சத்துப் பானமோ, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ சேருங்கள்.

புதுச் சப்பாத்தைப் பயண நாளன்று போடாதீர்கள். கொப்புளம் வருவது சப்பாத்து இறுக்கத்தாலும், வேர்வையில் நனைந்த பருத்திக் காலுறை உரசுவதாலும். மதியம் மாற்ற ஒரு ஜோடி காலுறை பையில் இருந்தால் மாலை நடை தப்பிக்கும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் கழற்ற வேண்டியிருப்பதால் நாடா இல்லாத சப்பாத்து வசதி. முழங்கால் மறைக்கும் உடை எல்லா இடத்துக்கும் செல்லும். பெண்களுக்கு ஒரு சால்வை கூட இருந்தால் பள்ளிவாசலில் அங்கி வாங்கும் வரிசை மிச்சம்.

தனியாகச் சாப்பிடும்போது இடம் பிடிக்கப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு உணவு எடுக்கப் போகாதீர்கள். டிஷ்யூ பாக்கெட்டை வையுங்கள், அந்த மொழி எல்லாருக்கும் புரியும். ரோட்டோரம் நடக்கும்போது பை கடைப் பக்கத் தோளில் இருக்கட்டும், ரோட்டுப் பக்கம் வேண்டாம். கழிவறைக்குச் சில்லறை தனியாக வையுங்கள். வரைபடம் போட்டால் போன் மத்தியானமே செத்துவிடும். டிக்கெட்டும் அதிலேதான் என்பதால், பவர்பேங்கோடு திரும்பும் டிக்கெட்டின் அச்சு நகல் ஒன்றும் இருக்கட்டும். எந்த வண்டியில் வருகிறேன் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

கையில் ஒரே ஒரு விடுமுறை நாள், திரும்பும் இருக்கையும் கிடைத்துவிட்டது என்றால் ஜார்ஜ்டவுன். தனியாகப் போவது இதுவே முதல் முறை, அல்லது ஞாயிறு மாலை இருக்கை கிடைக்கவில்லை என்றால் ஈப்போ. இரண்டு நாள் விடுப்பு இருந்தால் கோலாலம்பூர், அதுவும் திங்களைத் தவிர்த்து. மழை மாதமாக இருந்து, மாலை நடை அடிபடும் என்று தெரிந்தால், ஜார்ஜ்டவுனுக்கு முதல் வண்டியில் போய் மூன்று மணிக்குள் படகேறிவிடுங்கள். இடி இறங்கும் நேரத்தில் படகுத்துறைக் கூட்டத்தில் மாட்டாமல் ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கலாம்.